ரோல் இன்னும் முடியல

தலையணையை உருவியபோது சாவி தரையில் விழுந்தது.

ஹெப்சிபா அப்பாவின் தலையை இடது கையில் தாங்கிக்கொண்டு, வலது கையால் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷ நர்ஸ் வேலையில் எத்தனையோ பேருக்குக் கடைசிச் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறாள். கை நடுங்கியதே இல்லை. இன்றைக்கும் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆரோக்கியம் அத்தை சாவியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பீரோ சாவில்ல இது? இதையா தலைக்கடியில வச்சுப் படுத்திருந்தான் எந்தம்பி? அப்படி என்ன தங்கத்தையா பூட்டி வச்சிருக்கான்?"

அந்த வீட்டில் குந்துமணித் தங்கம் கிடையாது என்பது அத்தைக்கே தெரியும். பூட்டி வைத்திருந்தது கேமராவை.

அப்பா கிறிஸ்துராஜ் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கேமரா பிரிவில் இருந்தவர். பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு ஆர்ட்டிஸ்ட் வரைந்து தரும் படத்தை, ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் கேமராவில் ஃபிலிமாக்கித் தருவது அவர் வேலை. அத்தனை பெரிய கேமராவோடு மாரடித்த மனுஷனுக்கு ஆசை வந்ததென்னவோ உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றின் மேல். எண்பத்து நாலிலோ ஐந்திலோ அச்சு மிஷின் மாட்ட வந்த ஜப்பான் இன்ஜினியர் கழுத்தில் அது தொங்கியது. ஒலிம்பஸ் பென் டபிள்யூ. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, கன்னங்கறுப்பு. ஒரு வருஷம் போலத்தான் அந்த மாடலைச் செய்தார்களாம். அதற்கு ஈடாகக் கிறிஸ்துராஜ் கொடுத்தது, டவுசர் போட்ட காலத்திலிருந்து ஒட்டிச் சேர்த்த தீப்பெட்டி, பட்டாசு லேபிள் ஆல்பம் இரண்டு. அடுத்தவனை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு பேருமே சந்தோஷமாகப் பிரிந்திருப்பார்கள்.

இப்படி ஒரு அபூர்வச் சாமான் கிடைத்தால் மற்றவர்கள் கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிடுவார்கள். மதுரையிலிருந்து பழைய கேமரா சேர்க்கிற ஒருவர் மூன்று தடவை வந்து கெஞ்சிவிட்டுப் போனார். "வச்சுப் பாக்கவா ஜப்பான்காரன் செஞ்சான்?" என்று கிறிஸ்துராஜ் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். தெருவில் காது குத்து, சடங்கு, ஞானஸ்நானம், சவம் எதுவானாலும் அந்தக் கறுப்புக் கேமரா வந்து நிற்கும். அதில் ஒரு விசேஷம், ஒவ்வொரு படமும் பாதி அளவுதான் ஃபிலிமைத் தின்னும். முப்பத்தாறு படம் விழுகிற ரோலில் எழுபத்திரண்டு விழும். எழுபத்திரண்டும் முடிந்தால்தான் அவர் ரோலை மதுரைக்குக் கழுவ அனுப்புவார். நடுவில் யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில், "ரோல் இன்னும் முடியல."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தம்பி மெர்வின் உள்ளே வந்தான். சற்று முன்தான் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, சாவி கெடைச்சிருச்சா? கேமராவை எடு. அப்பா கையில குடுத்து பெட்டிக்குள்ள வச்சிருவோம். அவரு கூடவே போகட்டும்."

"கிறுக்குப் பயலே" என்றாள் அத்தை. "அதுக்குள்ள ரோல் கெடக்குல்ல? ராக்காயி மக போட்டோ அதுலதான இருக்கு? அதையும் சேத்துப் பொதைக்கச் சொல்லுதியா?"

அத்தைக்கு மெல்லப் பேசத் தெரியாது. முற்றத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஹெப்சிபா தலையை உயர்த்தாமலே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பந்தலுக்கு அந்தப் பக்கம், காம்பவுண்டுச் சுவரோரம் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். காலை எட்டு மணிக்கு வந்தவள். மாரடித்து அழவில்லை, ஒருத்தரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும்.

மாசி மாதம் ராக்காயியின் மகள் மாரிசெல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட ஒரு போட்டோ வேண்டும் என்றாள். பத்தொன்பது வயசு. அப்பா இரண்டு படம் எடுத்தார். ஆடி மாதம், தீபாவளி ஆர்டருக்காகப் பட்டாசு யூனிட்டெல்லாம் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தபோது, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஷெட் வெடித்தது. அன்றைக்கு ஹெப்சிபா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நான்கு பேரைக் கொண்டு வந்தார்கள். மாரிசெல்வியைத் துணி சுற்றியவள் அவள்தான்.

"மொகத்தை மட்டும் காட்டு தாயி" என்று ராக்காயி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். ஹெப்சிபா காட்டவில்லை. காட்டக்கூடிய முகம் இல்லை. தரையில் அவளோடு உட்கார்ந்து, இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம்க்கா. சொன்னாக் கேளுங்க. அப்பா எடுத்த போட்டோ இருக்கு. அதுல பாத்துக்கிடுங்க. அதுதான் நம்ம மாரிசெல்வி."

ராக்காயி அந்த வார்த்தையை நம்பித்தான் முகத்தைப் பார்க்காமலே மகளை அனுப்பி வைத்தாள். வீட்டில் வேறு படம் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் எடுத்த கூட்டப் படத்தில் மிளகு அளவுக்கு ஒரு முகம் தெரியும். அதுவும் கண்ணை மூடியபடி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாருக்கும் புரியவில்லை. ஒரு நல்லது கெட்டது தெரிந்த மனுஷன் மறுநாளே ரோலைக் கழற்றிக் கழுவக் கொடுத்திருப்பான். முதல் வாரம் கிறிஸ்துராஜும் அப்படித்தான் துடித்தார். பிறகு என்ன வந்ததோ, கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துக்கொண்டார். கேட்டால் பழைய பல்லவி. இன்னும் பதினோரு படம் பாக்கி, ரோல் இன்னும் முடியல. தெரு முழுக்கக் காறித் துப்பாத குறை. "ஆளே போயிட்டா, இந்தக் கெழவன் ரோல் முடியலேங்கான்" என்று குழாயடியில் பேசியது ஹெப்சிபா காதிலேயே விழுந்தது. ராக்காயியை எதிரில் கண்டால் அவள் சந்து மாறிப் போக ஆரம்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. "பதினோரு படத்துக்காக ஒரு பெத்தவ வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிடுதீகளே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்திவிட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் கடைசி. நேற்றுச் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பேசாமல் வைத்துவிட்டுத்தான் வந்தாள். இன்று விடிகாலையில் எழுப்பப் போனால் உடம்பு ஆறிக் கிடந்தது.

"இப்பவே முடிச்சிரலாம்" என்றான் மெர்வின். "பதினோரு படந்தான? பெட்டியைச் சுத்தி எல்லாரையும் நிக்க வச்சு எடுத்திரு. ரோலைக் கழத்தி எங்கிட்ட குடு. நான் சென்னையில கழுவி, ராக்காயிக்காவுக்குப் பெரிசா ஃப்ரேம் போட்டு அனுப்புதேன். கேமராவைப் பெட்டியில வச்சிருவோம்."

தம்பி சொன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மணி இரண்டரை. நாலு மணிக்கு ஆராதனை. ஸ்டுடியோ சங்கிலிமுத்து டிஜிட்டல் கேமராவோடு பந்தலில் ஏற்கெனவே தயாராக நின்றார். அப்பாவைப் பெட்டியில் கிடத்திய பிறகு ஹெப்சிபா கூடத்துப் பீரோவைத் திறந்தாள்.

கேமரா ஒரு பழைய கைக்குட்டைக்குள் இருந்தது. எடுத்து லென்ஸ் மூடியைக் கழற்றினாள். இன்னும் எத்தனை படம் பாக்கி என்று காட்டும் எண் வட்டம் பதினொன்றில் நின்றது. கட்டைவிரலால் பின்பக்கச் சக்கரத்தைத் தள்ளினாள். கரகரவென்று பழகிய சத்தத்தோடு அது சுற்றி நின்றது. ஃபிலிம் ஒரு படம் தள்ளி வந்திருக்க வேண்டும். வரும்போது மேலே இடது ஓரத்தில் இருக்கிற குமிழும் கூடவே திரும்ப வேண்டும். அப்பா அதைத்தான் ஆயிரம் தடவை சொல்லுவார். உள்ளே ஃபிலிம் நகர்ந்தால் குமிழ் நகரும், குமிழ் நகராவிட்டால் நீ காத்தைப் படம் பிடிக்கே.

குமிழ் அசையவில்லை.

சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஷட்டரை அமுக்கினாள். மறுபடி சக்கரத்தைத் தள்ளினாள். குமிழின் மேலிருந்த வெள்ளைக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு தடவை. அசையவே இல்லை.

"என்னக்கா, வேலை செய்யலையா?"

"செய்யுது. நீ பெட்டியைப் பாரு. நான் வாரேன்."

அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். கட்டில் வெறுமையாக இருந்தது. அதில் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பின்மூடியைக் கழற்ற வேண்டும். ஒருவேளை ஃபிலிம் சரியாகச் சுற்றியிருந்து, குமிழ்தான் கெட்டுப் போயிருந்தால்? மூடியைத் திறந்த நொடியில் வெளிச்சம் பட்டு எல்லாம் கருகிவிடும். மாரிசெல்வியை அவளே இரண்டாவது தடவை கொளுத்தியது போலாகும். திறக்காமல் பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்தது, வந்ததை அவள் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த நினைப்போடு உட்கார்ந்தும் இருந்தாள்.

பிறகு அப்பாவின் கறுப்புக் கம்பளியை எடுத்து இரண்டாக மடித்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கட்டிலோரத்து இருட்டு மூலையில் குந்தி, கம்பளிக்குள் தலையும் கையுமாகப் புகுந்துகொண்டாள். தைல வாசனை மூச்சை அடைத்தது. நரம்பு தேடிப் பழகிய விரல். அடிப்பக்கத்துத் திருகை நிமிர்த்தித் திருப்பினாள், மூடி கையோடு கழன்று வந்தது. ஃபிலிம் சுற்றியிருக்க வேண்டிய வலது பக்கத்து உருளையைத் தொட்டாள்.

மொட்டையாக இருந்தது. ஒரு சுற்று ஃபிலிம்கூட அதில் இல்லை. இடது பக்கம் டப்பாவிலிருந்து நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு மடிப்பு. மடித்தது அவள் விரல்.

இனி இருட்டு எதற்கு? கம்பளியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். அறுபத்தொரு படமும் அந்தத் துண்டின் மேலேதான் விழுந்திருக்கின்றன. குருத்தோலைப் பவனி, சின்னச்சாமி பேரனுக்குக் காது குத்து, பரணி வீட்டுப் பசுமாடு, மாரிசெல்வி, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றுமே இல்லாமல்.

ரோலை மாட்டியது அவள். அப்பாவுக்குப் போன வருஷமே கை நடுக்கம் வந்துவிட்டது, கண்ணில் புரை வேறு. ஜனவரி முதல் ஞாயிறு, மத்தியான டூட்டிக்குக் கிளம்பி நின்றவளைப் பிடித்து உட்கார வைத்து, இப்படிச் செருகு, இப்படிச் சுத்து என்று சொல்லிக் கொடுத்தார். நுனியை மடித்துச் செருகினாள். மூடியைப் போட்டாள். "குமிழ் சுத்துதா பாரு எப்சி" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே "சுத்துதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பார்க்கவில்லை.

கதவு தடதடத்தது. "ஏட்டி எப்சி! உள்ள என்ன செய்யுதெ? பாஸ்டரய்யா வந்தாச்சு. படம் எடுக்கணும்னா சீக்கிரம் வா!"

"இந்தா வாரேன் அத்தை."

குரல் மாறாமல்தான் வந்தது. ஃபிலிமின் மடிப்பை நிமிர்த்தி, நுனியை உருளையின் பிளவில் ஆழமாகச் செருகினாள். இரண்டு பக்கத்து ஓட்டையும் பல்லில் பொருந்தும்வரை விரலால் அழுத்திப் பிடித்துச் சக்கரத்தைத் தள்ளினாள். ஒரு சுற்று சுற்றியது. மூடியைப் போட்டாள். இன்னொரு தடவை தள்ளினாள். வெள்ளைக் கோடு மெல்லத் திரும்பியது. ஒன்பது மாசம் தாமதமாக அது திரும்புவதை அவள் நின்று பார்த்தாள்.

வெளியே பெட்டியை பெஞ்சின் மேல் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்பா கோட்டுப் போட்டு, கையில் வெள்ளைத் துணி சுற்றி, ஊருக்குக் கிளம்பினவர் மாதிரி இருந்தார். சங்கிலிமுத்து ஒரு பக்கம் பளிச் பளிச்சென்று எடுத்து முடித்து ஒதுங்கிக்கொண்டார்.

"இப்ப அக்கா எடுப்பா. அப்பா கேமராவுல" என்று மெர்வின் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். சனம் ஒழுங்காக நின்றது. அப்பாவின் படத்துக்கு நிற்பது அந்தத் தெருவுக்குப் பழக்கம்; கையைத் தொங்க விட வேண்டும், இமைக்கக் கூடாது, அவர் சொல்லும்வரை அசையக் கூடாது. சொல்வதற்கு அவர் இல்லை என்றாலும் அப்படியே நின்றார்கள்.

"ஏ ராக்காயி, நீயும் வந்து நில்லேன். அண்ணாச்சி போட்டோல்ல" என்று அத்தை சுவர்ப் பக்கம் கூப்பிட்டாள்.

ராக்காயி தலையை மட்டும் அசைத்தாள். வரமாட்டேன் என்று. கண் ஹெப்சிபாவின் கையிலிருந்த கேமரா மேல் இருந்தது.

ஹெப்சிபா பந்தலின் நிழலைக் கணக்குப் பண்ணினாள். உள்ளங்கையை விரித்து வெளிச்சம் பார்த்தாள். எடுத்தாள். சக்கரத்தைத் தள்ளினாள், குமிழைப் பார்த்தாள், எடுத்தாள். ஐந்து படம். ஒவ்வொரு தடவையும் குமிழ் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைவது போலிருந்தது.

பெட்டிக்கு மூடி போட ஆள் வந்து நின்றார். மெர்வின் கையை நீட்டினான். "முடிஞ்சுதா? ரோலைக் கழத்திட்டுக் கேமராவைக் குடுக்கா."

பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. ராக்காயியும்தான். இந்த இடத்தில் உண்மையைச் சொல்லலாம். முப்பது நாற்பது பேர் முன்னால், பெட்டி திறந்திருக்கும்போதே, நான்தான் கெடுத்தேன் என்று சொல்லலாம். வாயைத் திறந்தாள்.

"ரோல் இன்னும் முடியல" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது. பெட்டிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தாள். இதைத்தானே இவர் இரண்டு மாசமாகச் சொன்னார்? ரோலைக் கழற்றப் போய், குமிழ் அசையாமல் நிற்பதை இவரும் பார்த்திருக்கிறார். யார் மாட்டியது என்று இவருக்குத் தெரியாதா? தெரு துப்பியதையெல்லாம் துடைத்துக்கொண்டு, மகள் கத்தியதையும் கேட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர். அப்பா, அப்பா என்று உள்ளே ஏதோ கதறியது. அவள் குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். குளிர்ந்திருந்தது. "நேரமாச்சும்மா" என்று பாஸ்டர் சொன்னார்.

"அப்ப கேமராவை வைக்க வேண்டாமா?" என்றான் மெர்வின், அழுகையோடு.

"வேண்டாம்."

மூடியைப் போட்டு ஆணி அடித்தார்கள்.

கோவிலில் பாடினார்கள், கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஹெப்சிபா கேமராவைக் கைப்பையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள். திரும்பி வருகிற வேனில் மெர்வின் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப் போனான். சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிக்கொண்டே வந்தாள். எப்படி அடுக்கினாலும் ஒன்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தே முக்கால். முற்றம் சுத்தமாகக் கழுவி விடப்பட்டிருந்தது. உதிர்ந்த பூவெல்லாம் ஓரமாகக் கூட்டிக் குவித்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராக்காயி கடைசி வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதை அவள் செய்ய வேண்டியதில்லை, சொந்தமில்லை, பந்தமில்லை. மெர்வினும் அத்தையும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். ஹெப்சிபா போகவில்லை.

"காலை அலம்பிட்டு உள்ள போ தாயி" என்றாள் ராக்காயி, நிமிராமல்.

"ராக்காயிக்கா, அந்த ரோல்ல ஒண்ணும் இல்ல. மாரிசெல்வி போட்டோ விழவே இல்ல."

ராக்காயி வாளியைக் கவிழ்த்து வைத்தாள். விளக்குமாற்றைத் தட்டிச் சுவரில் சாத்தினாள்.

"தெரியும்."

ஹெப்சிபாவுக்குப் புரியவில்லை.

"போன மாசமே அண்ணாச்சி சொல்லிட்டாக. நீ டூட்டிக்குப் போயிருந்த. ஆள் விட்டுக் கூப்பிட்டாக. ரோலை நான் சரியா மாட்டல ராக்காயி, எங் கை நடுக்கத்துல தப்பாப் போச்சு, என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுன்னாக. சொன்னேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். இந்த முத்தத்துல நின்னு மண்ணை வாரி வீட்டைப் பாத்து வீசிட்டுத்தான் போனேன்." கழுவி விட்ட தரையையே பார்த்தபடி சொன்னாள். "அது பலிச்சிருச்சோன்னு காலையில இருந்து ஈரக்கொலை நடுங்குது எனக்கு."

"அப்பா மாட்டலக்கா." ஹெப்சிபாவின் குரல் உடைந்தது. "நான்தான் மாட்டுனேன். சுத்துதான்னு கேட்டாரு. பாக்காமலே சுத்துதுன்னு சொன்னேன்."

தூரத்தில் ஏதோ கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலைந்து சத்தம் கேட்டு அடங்கியது. ராக்காயி அந்தச் சத்தத்துக்கு உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். அடங்கிய பிறகுதான் பேசினாள்.

"அதுவுந் தெரியும். ஒரு தம்ளரைச் சிந்தாமப் பிடிக்க முடியாத மனுசன் எங்கன ரோல் மாட்டுறது? எப்சிகிட்ட சொல்லிராதன்னு கையெடுத்து வேற கும்பிட்டாக."

"என்னையவும் வஞ்சிருங்கக்கா. ரெண்டு வார்த்தை வஞ்சிருங்க."

"வஞ்சு?" ராக்காயியின் குரல் அன்றைக்கு முதல் தடவையாக உயர்ந்தது. "அப்பனும் மகளும் மாத்தி மாத்தி எந் தப்பு, எந் தப்புன்னு தூக்கிக்கிடுதீக. அத வச்சு நான் என்ன செய்ய? எம்பிள்ளை மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருதுடி. நேத்து அவ மூக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்கேன், வரல. வேலையில கை ஓடவே இல்ல. எம்புட்டோ நெனச்சுப் பாத்தேன், வரவே இல்ல."

ஆஸ்பத்திரித் தரையில் அந்தத் தோளைப் பிடித்த மாதிரி இப்போது பிடிக்க ஹெப்சிபாவுக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டு பேரும் ஈரத் தரையில் நின்றார்கள்.

ராக்காயி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"அதுக்குள்ள ரோல் இருக்கா இப்ப?"

"இருக்கு. இப்பச் சரியா இருக்கு."

"என்னைய ஒண்ணு எடு."

ஹெப்சிபா அவளைப் பார்த்தாள்.

"அவ அப்படியே என் சாடைன்னு கம்பெனியில எல்லாரும் சொல்லுவாளுக. எனக்கு அது தெரிஞ்சதே இல்ல. எடு, பாப்போம்." செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். "அன்னைக்கு எங்கன நிக்க வச்சாக அவளை?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேற்குப் பார்த்த சுவரை ஹெப்சிபா காட்டினாள். ராக்காயி அங்கே போய் நின்றாள். தலைமுடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். சாயங்கால வெயில் சுவரில் முழுசாக விழுந்திருந்தது.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கக்கா. ம், போதும்."

கேமராவை எடுத்துச் சக்கரத்தைத் தள்ளினாள். கண்ணில் வைத்தாள். சின்னச் சதுரத்துக்குள் ராக்காயி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ சிரிச்சாளா அன்னைக்கு?"

"சிரிச்சாக்கா. அப்பா சிரிக்காதன்னு சொன்னாரு. அப்பவும் சிரிச்சா."

ராக்காயி தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் உதடு ஒரு தரம் பிரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. ரோட்டில் பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கட்டும் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். ராக்காயி முகத்தை அசைக்காமல் நின்றாள்.